கணக்குக் கேள்வி–பதில்: வெண்ணாற்றின் அகலம் 48 மீட்டரா, 60 மீட்டரா?

கேள்வி: ஆற்றைக் கடக்காமலே அதன் அகலத்தைக் கண்டுவரும்படி பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனிடம் சொல்லியிருந்தார்கள். வெண்ணாற்றின் எதிர்க்கரை விளிம்பில் இருந்த தென்னையை 'ம' என்று வைத்துக்கொண்டு, அதற்கு நேரெதிரே இக்கரையில் 'க' என்ற முளையை அடித்தோம். கரையோடு 20 மீட்டர் போய் 'ச', இன்னும் 5 மீட்டர் போய் 'ட' என முளைகள் அடித்தோம். 'ட'விலிருந்து வயல் பக்கம் செங்குத்தாக 12 மீட்டர் நடந்ததும், 'ச' முளையும் தென்னையும் ஒரே கோட்டில் தெரிந்தன. அந்த இடம் 'ப'. எனக்கு அகலம் 60 மீட்டர் வருகிறது, மகனுக்கு 48. எது சரி?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: மகனின் விடையே சரி. நீங்கள் 'க' முதல் 'ட' வரையுள்ள 25 மீட்டரை 5-ஆல் வகுத்து, கிடைத்த 5-ஐ 12-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த 25 மீட்டர் இங்குள்ள இரண்டு முக்கோணங்களில் எதற்குமே பக்கம் அன்று. 'மகச', 'படச' ஆகியவையே அந்த முக்கோணங்கள். 'க'விலும் 'ட'விலும் செங்கோணம். 'ச'வில் குத்தெதிர் கோணங்கள் சமம். ஆகவே அவை வடிவொத்தவை. ஒத்த பக்கங்களை எழுதினால் மக/பட = கச/டச = 20/5 = 4; அகலம் 12 × 4 = 48 மீட்டர்.

கம்பத்தின் நிழலைக் கொண்டு கோபுரத்தின் உயரம் காணும் கணக்கில், சிறிய முக்கோணம் பெரியதற்குள்ளேயே அடங்கி ஒரு கோணத்தைப் பகிர்ந்துகொள்வதால், அங்கே முழு நீளமும் பக்கமாகிறது. அந்தப் பழக்கம்தான் உங்களை 25-ஐ எடுக்க வைத்திருக்கும். முக்கோணங்களின் பெயர்களை ஒத்த முனைகளின் வரிசையில் எழுதிவிட்டு விகிதத்துக்குப் போனால் இந்தக் குழப்பம் வராது.

அளவெடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 12 மீட்டரில் 10 சென்டிமீட்டர் பிசகினால் விடை 40 சென்டிமீட்டர் மாறும். 5 மீட்டரை 5.1 என்று அளந்துவிட்டாலோ ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்துவிடும். எனவே சிறிய நீளத்தைத்தான் அதிகக் கவனத்துடன் அளக்க வேண்டும். செங்கோணத்துக்குக் கண்மதிப்பு போதாது. கொத்தனாரின் மூலைமட்டமோ 3, 4, 5 மீட்டர் பக்கங்கள் கொண்ட கயிற்று முக்கோணமோ வேண்டும். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடி, ஆறு வறண்ட பிறகு, மணலில் இறங்கி 'க'விலிருந்து தென்னைவரை டேப் பிடித்து 48-ஐச் சரிபார்த்துக்கொள்ளலாம்.