பெருந்தொற்று நேரத்துல ஸ்கூல் திறந்தா பசங்களைப் பாதுகாப்பா வச்சுக்க எது நெஜமாவே உதவும்?

கேள்வி கேட்டவரு, இனி ஒரு பெருந்தொற்று வந்து ஸ்கூலை மூடித் திறக்கற நெலமை வந்துச்சுன்னா, கொரோனா சமயத்துல செஞ்சதுல எதை வச்சுக்கோணும் எதை விட்டறலாம்னு கேட்டிருக்காரு. நான் திருப்பூர் மாவட்டம் பல்லடம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளில சயின்ஸ் வாத்தியாருங்க. 2021 ஜனவரி 19-ந்தேதி பத்தாவதுக்குத் திறந்தாங்க, பிப்ரவரி 8 ஒம்பதாவதுக்கு, மார்ச் 22-ல மறுபடி மூடுனாங்க, ரெண்டாவது அலையெல்லாம் முடிஞ்சு செப்டம்பர் 1-ல பெரிய பசங்க, நவம்பர் 1-ல சின்னப் பசங்க, அப்பறம் ஒமைக்ரான்னு 2022 ஜனவரில மூடி பிப்ரவரி 1-ல திறந்தாங்க. இத்தனை திறப்பையும் ஸ்கூல் கேட்டுக்கிட்ட நின்னு பாத்தவன்ங்கற தைரியத்துல எழுதறேன். நான் டாக்டர் இல்லீங்க, அதையும் சொல்லிப்போடறேன்.

எல்லாரும் நெம்ப மெனக்கெட்டது கேட்டுலதான். காச்சல் பாக்கற துப்பாக்கி, சானிடைசர், நோட்டுல பேரு எழுதறது, ஒவ்வொருத்தனுக்கும் டெம்பரேச்சர் எழுதறது. அந்த லைன் நகர்றதுக்குள்ள பின்னால நிக்கற பசங்க ஒருத்தன் மேல ஒருத்தன் சாஞ்சு கதை பேசிட்டு நிப்பாங்க, பத்து மாசம் கழிச்சுப் பாக்கறானுக, பேசாம என்ன பண்ணுவானுக. அந்தத் துப்பாக்கியும் நெத்தியத்தான் பாக்குது. வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்தவனுக்கு எச்சாக் காட்டும், மார்கழிப் பனில வந்தவனுக்குக் கொறைச்சுக் காட்டும். எங்க எச்.எம். ஒரு பையனைப் பத்து நிமிசம் நெழல்ல உக்கார வச்சு மறுபடி பாத்துத்தான் உள்ள விடுவாரு. போதாக்கொறைக்கு, இந்த நோய் ஒருத்தருக்குக் காச்சல் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குத் தொத்த ஆரம்பிச்சிரும், பசங்கள்ல நெறையப் பேருக்குக் காச்சலே வராது. அப்பறம் துப்பாக்கி எதைத்தான் புடிக்கும்?

ஒரு சம்பவம் சொல்றேன். எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன், காலைல கேட்டுல 97 சொச்சம்னு நோட்டுல எழுதியிருக்கு, கில்லி மாதிரி உள்ள போனான். பதினொன்றரை மணி வாக்குல பெஞ்சுல தலையைச் சாச்சுட்டான். தொட்டுப் பாத்தா சுடுது. என்னடா கண்ணுன்னு கேட்டா, “காலைல அம்மா மாத்திரை குடுத்துச்சுங் சார்”ங்கறான். மாத்திரை வேகம் தீந்ததும் காச்சல் திரும்பிக்கிச்சு. அவங்கம்மாவுக்குப் போன் போட்டேன், பனியன் கம்பெனில செக்கிங் வேலை, போன் எடுக்கவே மதியமாச்சு. சாயந்திரம் கேட்டுல நின்னுட்டு சொன்னாங்க பாருங்க: “நான் வூட்டுல நின்னா இன்னிக்கு ஷிப்டு போச்சுங் சார், இந்த வாரம் முச்சூடும் ஒன்றரை ஷிப்டு ஓடுது, லீவு போட்டா சூப்பர்வைசர் மூஞ்சியக் காட்டறாரு. இவனைத் தனியா விட்டுட்டுப் போனா தெருத்தெருவாச் சுத்துவான். இங்கன்னா நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் அனுப்பினனுங்க.” இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க.

அதனால கேள்விக்கு என்னோட முதல் பதில் இதுதானுங்க. உடம்பு சரியில்லாத புள்ளை வூட்டுலயே நிக்கறதுக்கு வழி பண்ணிக் குடுங்க, மீதியெல்லாம் அப்பறம். நாங்க செஞ்சது சின்னதுதான். லீவ் லெட்டர் வேண்டாம், கிளாஸ் டீச்சருக்கு வாட்ஸப்புல “இன்னிக்கு வர மாட்டான்”னு ஒரு வாய்ஸ் போட்டாப் போதும், காரணம் கேட்டு நோண்ட மாட்டோம்னு பெத்தவங்க குரூப்புல சொன்னோம். வருசா வருசம் ஒரு நாள்கூட லீவு போடாத பசங்களுக்குப் பிரைஸ் குடுக்கற வழக்கத்தை நிறுத்துனோம். யோசிச்சுப் பாருங்க, மேடைல கூப்பிட்டு டிபன் பாக்ஸ் குடுக்கறோம், அதுக்காகவே காச்சலோட வந்து உக்காந்த புள்ளைங்க இருக்குது. அரசாங்கமும் அப்ப வருகை கட்டாயமில்லைன்னுதான் சொல்லியிருந்துச்சு, ஆனா ஊருக்குள்ள அது முழுசாப் போய்ச் சேரல. தனியாக் கெடக்கற புள்ளையப் பாத்துக்க ஆத்தாவோ அமுச்சியோன்னு ஒரு பாட்டி இருக்கற வூட்டுக்கு இது செரி. வெளியூர்ல இருந்து வந்து லைன் வூட்டுல குடியிருக்கற சனத்துக்கு ஆரு இருக்கறா? அதுக்குக் கம்பெனிக்காரங்க மனசு வெக்கோணும், வாத்தியார் கையில இல்ல.

அடுத்தது காத்து. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், ஏன்னா இதைத்தான் எல்லாருமே கோட்டை விட்டாங்க. மொதல்ல திறந்தப்ப எல்லாரும் பெஞ்சைத் தொடச்சுட்டிருந்தோம், பிளீச்சிங் பவுடர் வாசத்துல கண்ணு எரியும். 2021 ஏப்ரல், மே வாக்குல உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும், இது மூச்சுல வர்ற ரொம்பப் பொடித் துளி மூலமாக் காத்துல மெதந்து பரவுதுன்னு வெளிப்படையாவே எழுதிட்டாங்க. அப்படீன்னா சாத்துன ரூமுக்குள்ள மூணடி தள்ளி உக்காந்தாலும் ஒரு மணி நேரத்துல எல்லாரும் ஒரே காத்தைத்தான் இழுத்து விட்டுட்டிருக்கறோம். ஒரு ரூமுக்கு 20 பேர்னு விதி போட்டது நல்லதுதான், ஆனா அந்த 20 பேரு இருக்கற ரூம்ல சன்னல் தொறந்திருக்குதான்னு ஆரும் பாக்கல.

எங்க ஸ்கூல்ல சன்னல் ஏன் சாத்தியே கெடக்குதுன்னு பாக்கப் போனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை. ஒரு ரூம்ல பீரோ மறைச்சு நிக்குது. இன்னொண்ணுல விலையில்லாப் புத்தகக் கட்டு சன்னல் ஒசரத்துக்கு அடுக்கியிருக்கு. ஒண்ணுல கொண்டி துருப் புடிச்சு அசைய மாட்டேங்குது. மேக்கால சன்னல் தொறந்தா ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வந்து நோட்டு, சாக்பீஸ் தூசி, சார்ட்டு எல்லாத்தையும் வாரிட்டுப் போகும் (இந்தக் காத்தை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காத்தாடி நட்டு வச்சிருக்கறாங்க). கெழக்கால தொறந்தா பக்கத்துத் தறிக்குடோன். விசைத்தறி ஓடற ஊர்ல குடியிருந்தவங்களுக்குத் தெரியும், டடக் டடக்னு காலைல புடிச்சா பொழுதோட வரைக்கும் ஓயாது. அந்தச் சத்தத்துக்குத்தான் சன்னலைச் சாத்தறது, சாத்துனாலும் சத்தம் வருது, அதனால டீச்சர் கத்திக் கத்திப் பாடம் எடுக்கறாங்க, பசங்களும் கோரஸா கத்தறாங்க. மெதுவாப் பேசறதைக் காட்டிலும் கத்திப் பேசறப்ப வாயில இருந்து வர்ற துளி பல மடங்கு எச்சு. சாத்துன ரூம்ல கத்தறதுதான் இருக்கறதுலயே மோசமான சேர்க்கை, தறி ஊர் ஸ்கூலுக எல்லாத்துலயும் அதுதான் நடக்குது.

என்ன செஞ்சோம்னா, பீரோவை உள்சுவத்துப் பக்கம் தள்ளுனோம், புக்குக் கட்டை லேப்புக்கு மாத்துனோம், கொண்டிக்கு எண்ணெ விட்டு பி.டி. சார் சுத்தியல்ல தட்டி எடுத்தாரு. அப்பறம் ஒரு ஊதுபத்தி. ரூம் நடுவுல பத்த வச்சுட்டு பொகை எங்க போகுதுன்னு பாக்கறது, சயின்ஸ் வாத்தியாருக்கு இது விளையாட்டுத்தான். ஒரு பக்கம் மட்டும் சன்னல் தொறந்திருந்தா பொகை ரூமுக்குள்ளயே சுத்திச் சுத்தி நிக்குது, எதிர்ப்பக்கம் கதவையும் தொறந்து கல்லு முட்டுக் குடுத்தா நூலுப் புடிச்சாப்பல வெளிய போகுது. இஞ்சினியரிங் படிக்கற எங்க பழைய மாணவன் ஒருத்தன் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கொண்டாந்து காட்டுனான். வெளிக்காத்துல நானூத்திச் சொச்சம் பி.பி.எம். (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற கணக்கு) இருக்கும், ஆயிரத்தைத் தாண்டுச்சுன்னா அடுத்தவங்க விட்ட மூச்சு அங்கயே தேங்கி நிக்குதுன்னு அர்த்தம். சாத்துன ரூம்ல முதல் பீரியட் முடியறதுக்குள்ளயே அது எங்கியோ போயிருச்சு, எதிரெதிரா ரெண்டு பக்கமும் தொறந்ததும் மளமளன்னு எறங்குச்சு. பசங்க கணக்குப் பீரியட்ல தூங்கறதுக்கும் இது ஒரு காரணமா இருக்குமோன்னு கணக்கு டீச்சருக்கு ஒரு ஆறுதல்.

தறிச் சத்தத்துக்கு என்ன பண்ணுனீங்கன்னு கேப்பீங்க. தறிக்காரரு எங்க ஸ்கூல்ல படிச்சவருதான், ஆனாலும் தறியை நிறுத்தச் சொல்ல முடியுமா, அதுவும் ஊரடங்குல பாவு காஞ்சு கெடந்த மனுசனை. எட்டு, ஒம்பது ரெண்டையும் பின்னாடி வேப்பமரத்தடிக்குக் கொண்டு போனோம். ஒம்பது மணில இருந்து பதினொண்ணு வரைக்கும் அங்க நெழல் நல்லா இருக்கும். போர்டு இல்லாமப் பாடம் எடுக்கறது வாத்தியாருக்குத்தான் கஷ்டம், பசங்களுக்குக் கொண்டாட்டம். மழை நாள்ல மட்டும் உள்ள. ஐப்பசி அடைமழைல சன்னலைப் பாதியாவது தொறந்து வெக்கச் சொல்றதுக்குள்ள டீச்சருங்க கூட சண்டையே வந்துச்சு.

மாஸ்க் பத்தி நெறைய எழுதியாச்சு, சுருக்கமா முடிச்சர்றேன். எங்க ஊர்ல மாஸ்க்னா பனியன் துணிதான், கம்பெனிகளே தெச்சு மூட்டை மூட்டையாக் குடுத்தாங்க. பனியன் துணி இழுத்தா விரியும், விரிஞ்சா ஓட்டை பெருசாகும், மூணாவது தொவையல்ல மூக்குக்குக் கீழ தொங்கும். கடைல விக்கற மூணு அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் எவ்வளவோ தேவலை, பெரியவங்களுக்கு என்95 இன்னும் நல்லது. பசங்க மாஸ்க்கை மாத்திப் போட்டுக்குவாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்ல. ஆறாங்கிளாஸ்ல ஸ்பைடர்மேன் மாஸ்க் ஒண்ணு ஒரே நாள்ல நாலு மூஞ்சி பாத்துச்சு. ஈரமான மாஸ்க்கை மாத்த பையில இன்னொண்ணு இருக்கோணும், அது போதும்.

சத்துணவுதான் பெரிய தலைவலி. காலைல இருந்து மாஸ்க்கும் இடைவெளியும் பாத்துட்டு, மதியம் எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டி எதிரெதிரா வரிசைல உக்காந்து வாய் பேசிட்டே சாப்பிடறது. முட்டை குடுக்கறப்ப சத்தம் வேற எச்சு. நாங்க வராண்டால எல்லாரையும் ஒரே பக்கம் பாத்து, கெரவுண்டைப் பாக்க உக்கார வச்சோம், கிளாஸ் கிளாஸா அரை மணி முன்னப் பின்ன. கொழம்பு, பொரியல் மாத்திக்கக் கூடாதுன்னு சொன்னோம், அது மட்டும் நடக்கல. வூட்டுல இருந்து வாட்டர் பாட்டில் கொண்டாரச் சொன்னது அப்பப் புடிச்ச பழக்கம், இன்னிக்கு வரைக்கும் இருக்குது, தொட்டில சங்கிலி போட்ட டம்ளரைத் திரும்ப மாட்டவே இல்ல. கை கழுவ சோப்பும் அப்படித்தான், கொரோனாவுக்குக் கொஞ்சம், வயித்துப்போக்குக்கு நெம்பவே.

வண்டி விசயத்துல ஸ்கூல் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனைப்பாங்க. உள்ள பெஞ்சுக்கு ரெண்டு பேரு உக்கார வச்சுட்டு நாலரைக்கு மொத்தமா பெல் அடிச்சா, அத்தனை பேரும் ஒரே டவுன் பஸ்ஸுல தொங்கறாங்க. யூனிபார்ம் போட்டிருந்தா பாஸ் இல்லாமயே ஏறலாம்னு 2021-ல சொன்னது ஏழைப் புள்ளைங்களுக்குப் பெரிய உபகாரம், கூட்டமும் அதே அளவுக்கு. ரெண்டு பஸ் டைமைப் பாத்து பெல்லை ரெண்டாப் பிரிச்சோம், பத்தாவது முன்ன, மத்தது பின்ன. வேன் வச்சிருக்கற தம்பிககிட்ட சைடு கண்ணாடி தொறந்து ஓட்டச் சொல்லி, பாட்டு சவுண்டைக் கொறைக்கச் சொன்னோம், பாட்டு ஓடுனா பசங்க அதுக்கும் மேல கத்தறாங்க.

ஊசி வந்ததுக்கப்பறம் மனசு லேசாச்சு. 2022 ஜனவரி 3-ல இருந்து 15 வயசு தாண்டுனவங்களுக்கு கோவாக்சின், மார்ச் 16-ல இருந்து 12 தாண்டுனவங்களுக்கு கோர்பிவேக்ஸ், ஸ்கூலுக்கே வந்து போட்டாங்க. ஆனா எனக்குப் பசங்களை விட அவங்க வூட்டுல இருக்கற அப்பாரு, ஆத்தா (தாத்தா, பாட்டி) மேலதான் கவலை. புள்ளைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அது கொண்டு போய்க் குடுக்கற இடத்துலதான் உசுருக்கு ஆபத்து எச்சு. அதனால வூட்டுல பெரியவங்க ஊசி போட்டாச்சான்னு கேட்டு எழுதி வச்சுக்கறது, கேட்டுல டெம்பரேச்சர் எழுதறதை விட உபயோகமான நோட்டு.

இன்னொண்ணு சொல்லலீன்னா மனசு ஆறாது. பாதுகாப்புன்னு நெனச்சு ஸ்கூலை நீட்டி மூடறதுலயும் ஆபத்து இருக்குதுங்க. செப்டம்பர்ல பேரு கூப்பிட்டப்ப ஒம்பதாவதுல சில பசங்க இல்ல. ஒருத்தன் தறிக்கு, ஒருத்தன் பனியன் கம்பெனில கைமடி வேலைக்கு, வாரச் சம்பளம் சனிக்கெழமை கையில வாங்கிப் பழகிட்டான். ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருந்தாங்க. வூடு வூடாப் போய்க் கூட்டியாந்தோம், எல்லாரையும் கூட்டியார முடியல. ஒரு பையன் கேட்டான், “படிச்சு முடிச்சு இதே கம்பெனிக்குத்தான வரப் போறனுங் சார்?” அதனால அடுத்த தடவை எதையும் மூடறதுக்கு முன்னாடி, மரத்தடி, வராண்டா, சுத்துமுறை வகுப்பு இதெல்லாம் முடியுமான்னு பாத்துட்டு மூடட்டும். பள்ளியைக் கடைசியா மூடி, முதல்ல திறக்கோணும். அன்னிக்கு எங்க ஊர்ல டாஸ்மாக் 2020 மே மாசமே தொறந்தாச்சு, ஸ்கூல் தொறக்க மறு வருசம் தை மாசம் வரைக்கும் ஆச்சு.

கடைசியா, புள்ளை கோயமுத்தூர்ல ஏ.சி. கிளாஸ்ரூம்ல படிக்குது, அங்க என்ன கேக்கறதுன்னு கேள்விலயே கீழ எழுதியிருந்தீங்க. சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்கறதையே குளுப்பாக்கிச் சுத்த விடும். சன்னல் தொறக்கற மாதிரி கட்டியிருக்கறாங்களா, இல்ல கண்ணாடிய அசையாம ஒட்டி வச்சிருக்கறாங்களான்னு போய்ப் பாருங்க. ஒட்டி வச்சிருந்தா எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, பீரியடுக்கு பீரியட் கதவைத் தொறந்து வெக்கச் சொல்லிக் கேளுங்க. பீஸ் கட்டறீங்கல்ல, தைரியமாக் கேளுங்க.