எஃப்.என்.பி. முடித்ததும் குடும்ப மருத்துவமா, கார்டியாலஜியா?

அமெரிக்காவில் எஃப்.என்.பி. (ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்; நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதும் உயர்பயிற்சி நர்ஸ்) தேர்ச்சி பெற்ற கையோடு குடும்ப மருத்துவ கிளினிக் ஒன்றும், சம்பளம் கூடுதலான கார்டியாலஜி (இதய மருத்துவ) குழு ஒன்றும் கூப்பிடுகின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளத்தை ஓரமாக வையுங்கள். கார்டியாலஜியில் வெளிநோயாளிகள் மட்டும்தானா, ஐ.சி.யூ. ரவுண்ட்ஸும் உண்டா? உங்கள் சான்றிதழ் முதன்மை மருத்துவத்துக்கானது. தீவிர நோயாளிகளைப் பார்க்க அக்யூட் கேர் சான்றிதழ் கேட்கும் மாநிலங்களும் மருத்துவமனைகளும் உண்டு. நாளை வம்பு வந்தால் மாட்டுவது உங்கள் லைசென்ஸ்.

வெளிநோயாளிகள் மட்டும் என்றாலும் என் ஓட்டு கிளினிக்குக்கே. அங்கிருந்து பிறகு கார்டியாலஜிக்குத் தாவலாம். சில வருடம் இதயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் தைராய்டு, தடுப்பூசி, தோல், குழந்தைகள் எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும்.

ஆனால் நோயாளி எண்ணிக்கை ஏறும் வேகத்தை எழுத்தில் வாங்குங்கள். தொடக்கத்தில் நாளுக்கு 8 பேர், ஆளுக்கு 40 நிமிடம். ஆறு மாதத்தில் 18 என்றால் தாங்கும். இரண்டாம் வாரமே 20 என்றால் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு மூன்றோடும் வருபவரை 15 நிமிடத்தில் முடிக்க முடியாது. குறிப்பெழுதுவதும் லேப் முடிவுகளும் ராத்திரி வீட்டுக்கு வரும். (இதை நேர்காணலில் யாரும் சொல்ல மாட்டார்கள்.)

கல்விக்கடன் இருந்தால் அந்த கிளினிக் என்.ஹெச்.எஸ்.சி. (மருத்துவப் பணியாளர் குறைந்த இடங்களுக்கான அரசுத் திட்டம்) அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள்; இரண்டு வருடப் பணிக்குக் கடனில் ஒரு பகுதியைக் கட்டுவார்கள். கார்டியாலஜிக்கு அது கிடைக்காது.

எங்கே சேர்ந்தாலும், சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான இன்சூரன்ஸ் 'கிளெய்ம்ஸ்-மேட்' வகை (பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் வழக்குக்கு மட்டுமே பணம் தருவது) என்றால், விலகிய பிறகு வரும் வழக்குகளுக்கான டெயில் கவரேஜ் பணம் யார் தலையில் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.