பிரியாணிக்கு மேல் மாம்பழ ஜூஸ்: காவேரிப்பட்டணம் சகோவுக்கு

வணக்கம் சகோ. அப்பாவுக்கு சுகர் இருக்கிறது, ஆனாலும் ஞாயிறு மட்டன் பிரியாணி முடிந்ததும் 'கொழுப்பைக் கரைச்சிடும்' என்று அரை லிட்டர் பாட்டில் மாம்பழ ஜூஸ் குடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதை முதலில் நிறுத்துங்கள். எந்த ஜூஸும் கொழுப்பைக் கரைக்காது.

எண்ணெயும் கறியும் அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும். 3, 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அப்போது ரத்தக்குழாயின் உள்சுவர், குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைக் குறைவாக விடுவதால் குழாய் சரியாக விரியாது. பழ ஜூஸில் உள்ள வைட்டமின் சி இதைத் தடுக்கும் என்ற பேச்சுக்கு 1997-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வும் காரணம். அதில் கொடுத்தது 1 கிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ. 200 மில்லி ஆரஞ்சுச் சாறிலேயே சுமார் 100 மில்லிகிராம்தான் இருக்கும்.

நம் ஊர் மாம்பழக்கூழ் நல்ல சரக்குதான். ஆனால் பாட்டில் பானத்தில் பாதிக்கு மேல் தண்ணீரும் சர்க்கரையும். லேபிளில் 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்றிருந்தால், அரை லிட்டரில் 60 கிராம். சுகர் திடீரென்று எகிறுவதும் அதே உள்சுவரைத்தான் கெடுக்கும்.

ஜூஸுக்குப் பதில், அரைக் கொய்யாவைக் கடித்துச் சாப்பிடச் சொல்லுங்கள், நார்ச்சத்தும் கிடைக்கும். பிரியாணியில் அடியில் தேங்கும் நெய்ச் சோற்றைத் தவிர்த்து ஒரு தட்டோடு நிறுத்தட்டும். சாப்பிட்டு அரை மணி கழித்து 20 நிமிடம் மெதுவாக நடக்கட்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரை போடுகிறார் என்றால் பம்பளிமாஸ் சாறு வேண்டாம், ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடலாம்.