டேப்பா, கழற்றி எடுக்கும் டிஸ்க்கா? பேக்கப் கேள்வி பதில்

கோவை, திருப்பூர் பக்கம் மில்களுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் இருபது வருடமாக சர்வர் பார்த்து வருகிறேன். பேக்கப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பனியன் எக்ஸ்போர்ட் அலுவலகம், திருப்பூர்): அண்ணா, எங்கள் ஈ.ஆர்.பி. (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாம் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) டேட்டா 400 ஜி.பி. இருக்கும். தினமும் ராத்திரி யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பேக்கப் ஓடுகிறது. டேப்புக்கு மாறச் சொல்லி ஒரு வெண்டர் விடாமல் கேட்கிறார். மாறலாமா?

பதில்: 400 ஜி.பி.க்கு டேப் வேண்டாம் தம்பி. டேப் என்றால் டேட்டா எழுதும் காந்த நாடா; அதில் எல்.டி.ஓ. என்பது ஒரு வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. 2021-இல் வந்த எல்.டி.ஓ.-9 டேப் ஒன்றில் 18 டி.பி. பிடிக்கும். அதை எழுதவும் படிக்கவும் வேண்டிய டிரைவுக்கே சில லட்சம் ஆகும். அதை மாட்ட சர்வரில் பெரும்பாலும் தனி எஸ்.ஏ.எஸ். கார்டும் வேண்டும். உங்கள் அளவுக்கு அந்தச் செலவு வீண்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரே ஒரு டிஸ்க் என்கிறீர்கள். அது ராத்திரி பகலாக சர்வரிலேயே செருகிக் கிடக்கிறதா?

சில வருடத்துக்கு முன் ஒரு டையிங் யூனிட்டிலிருந்து திங்கள் காலை கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சர்வரில் ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் புதிதாக ஒரு வால் முளைத்திருந்தது. ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். பேக்கப் டிஸ்க் எங்கே என்று கேட்டேன். சர்வர் மேலேயே விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தது. திறந்தால் அதிலும் அதே வால். சர்வரிலிருந்து எழுத முடிகிற இடம் எதையும் அது விட்டுவைக்கவில்லை. அந்த அலுவலகத்தின் கணக்கர் ஆறு மாத பில்களைக் கட்டுக் கட்டாக இறக்கி வைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப டைப் அடித்தார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும், கழற்றி வைத்த பேக்கப் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உங்களுக்கு ஆர்.டி.எக்ஸ். பொருந்தும். இரண்டரை இன்ச் டிஸ்க்கை அதிர்வு தாங்கும் கூட்டுக்குள் வைத்த கார்ட்ரிட்ஜ் அது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்தது. கார்ட்ரிட்ஜைச் செருகும் டாக்கை யு.எஸ்.பி.யில் மாட்டினால் போதும். 1 டி.பி. கார்ட்ரிட்ஜ் ஆறு வாங்கி, கிழமைக்கு ஒன்றாகச் சுற்றில் விடுங்கள். ஒன்றாவது எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். பட்ஜெட் இடிக்கிறதா? சாதாரண யு.எஸ்.பி. டிஸ்க் மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போட்டாலும் சரிதான். கேபிள் செருகும் வாய்தான் அதில் சீக்கிரம் ஆட்டம் காணும்.

கேள்வி (அதே அலுவலகம்): மாற்றுகிற பையன் லீவு போட்டால்?

பதில்: இரண்டு பேர் பெயரை எழுதி வையுங்கள். டாக் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, கார்ட்ரிட்ஜ் எண், கையெழுத்து. கையெழுத்து இல்லாத நாள் மறுநாள் காலையிலேயே கண்ணில் பட்டுவிடும்.

கேள்வி (கல்யாண வீடியோ ஸ்டூடியோ, மதுரை): எங்களிடம் 40 டி.பி. ஃபுட்டேஜ் இருக்கிறது. மாதம் ஒரு டி.பி. கூடுகிறது. டேப் எல்லாம் பழைய காலம் என்கிறார்களே சார்?

பதில்: பழைய காலம் இல்லை. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய மெயில்கள் மொத்தமாகக் காணாமல் போயின. பல டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. அலமாரியில் இருக்கும் டேப்பை எந்த மென்பொருளும் தொட முடியாது.

உங்களுக்கு டேப்தான் சரி. டிரைவ் விலை ஒரு தடவைதான். அப்புறம் டேப் ஒன்று சில ஆயிரம். ஆனால் எல்.டி.ஓ.-9 அட்டையில் 45 டி.பி. என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது டேட்டாவைச் சுருக்கினால் வரும் அளவு. வீடியோ ஏற்கெனவே சுருக்கியதுதான், அதனால் 18 என்றே வையுங்கள். உங்கள் 40 டி.பி.க்கு மூன்று டேப். இரண்டு செட் எழுதினால் ஆறு.

வேகத்தையும் சொல்ல வேண்டும். எல்.டி.ஓ.-9 நொடிக்கு 400 எம்.பி. வரை எழுதும். முழு வேகத்திலேயே ஒரு டேப் நிரம்ப பன்னிரண்டரை மணி நேரம். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 எம்.பி.தான் வரும். டேட்டா போதாமல் போனால் டேப் நின்று, கொஞ்சம் பின்னால் ஓடி, மறுபடி கிளம்பும். காது கொடுத்தால் அந்தச் சத்தம் தெரியும். டேப்பும், அதில் எழுதும் ஹெட்டும் தேய்வது அங்கேதான். ஆகவே முதலில் சர்வருக்குள்ளேயே வேகமான டிஸ்க்கில் சேர்த்து, அங்கிருந்து டேப்புக்கு எழுதுங்கள்.

கேள்வி (ஸ்கேன் சென்டர், ஈரோடு): எங்களிடம் எல்.டி.ஓ.-5 டேப் முப்பது இருக்கிறது. புதிதாக எல்.டி.ஓ.-8 டிரைவ் வாங்கினால் படிக்குமா?

பதில்: படிக்காது. எல்.டி.ஓ.-7 வரையிலான டிரைவ்கள் இரண்டு தலைமுறை பின்னால் உள்ள டேப் வரை படிக்கும். 8 தன் தலைமுறையையும் 7-ஐயும் மட்டும்தான். பழைய டிரைவ் ஓடும்போதே எல்லாவற்றையும் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (கிடங்கு, தூத்துக்குடி): கடல் காற்றில் டேப் கெட்டுப்போகுமா?

பதில்: நெடுநாள் வைக்க 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் வேண்டும். தூத்துக்குடியில் ஏ.சி. இல்லாமல் அது நடக்காது. டேப்பைப் பெட்டியோடு, செங்குத்தாக வையுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்தால் ஒரு நாள் அறையில் இருக்கவிட்டு அப்புறம் போடுங்கள். கீழே விழுந்த டேப் என்றால் ஓரத்தில் இருக்கும் சின்னக் கதவைத் தள்ளி உள்ளே பாருங்கள். டேப் நுனியில் ஒரு உலோக முள் இருக்கும். டிரைவ் பிடித்து இழுப்பது அதைத்தான். அது விலகியிருந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள்.

கேள்வி (ஆடிட்டர் அலுவலகம், கும்பகோணம்): எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: கம்பெனி என்றால் கணக்குகள் எட்டு நிதியாண்டு. ஜி.எஸ்.டி. பதிவுகள், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கம்பெனிக் கணக்கு விதிகளின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனியின் மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். டேப்போ கார்ட்ரிட்ஜோ அதற்குப் பதில் ஆகாது, அதோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

கேள்வி (மொத்த மளிகை, சேலம்): பேக்கப் தினமும் ஓடுகிறது, மென்பொருளும் பச்சை டிக் காட்டுகிறது. போதும்தானே?

பதில்: போதாது. டிக் என்றால் எழுதி முடித்தது என்றுதான் அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு கம்ப்யூட்டரில் அந்த டேட்டாவை ரீஸ்டோர் செய்து, டேலியைத் திறந்து, நேற்றைய கடைசி பில்லைத் தேடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். ஆயுத பூஜைக்குக் கணக்கு நோட்டை எடுத்து வைப்பீர்கள் அல்லவா, முதல் தடவையை அந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். ஏதாவது தடங்கினால் எழுதுங்கள், பார்க்கலாம்.