இரண்டு குதிரைவலுக் கொம்பிரசருக்கு எச்.வி.எல்.பி. கன் வாங்கியவனின் பதில்

கேள்வி: சிறிய உற்பத்திப் பட்டறைக்கு எந்த ஸ்பிரே கன் நல்லது? எச்.வி.எல்.பி.யா, ஏர்லெஸ்ஸா, சாதாரணமானதா?

இதைக் கண்டுவிட்டுப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் போய் வாங்கி, அறுபது கதிரையோடு மல்லுக்கட்டியவன் நான்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. மரத் தளபாடம் என்று வைத்துக்கொள்கிறேன். பட்டறையில் ஒரு சின்னக் கொம்பிரசர் இருக்கும், கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கும், யூடியூப்பில் யாரோ கண்ணாடி மாதிரி பினிஷிங் காட்டியிருப்பார். சரிதானே? அப்படியென்றால் கன்னை விடுங்கள், முதலில் அது எவ்வளவு காற்றுத் தரும் என்று கொம்பிரசரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் பட்டறை மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடிப் பக்கம். 2017 கடைசியில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பாட்டுக் கதிரை அறுபது செய்யும் ஓடர் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. "மொரட்டுவை பினிஷிங் உங்களுக்கு வருமா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் தந்தார்கள். இந்தக் கேள்வியை ஹோட்டல்காரர் கேட்டால் பரவாயில்லை, எங்கள் ஊர்க் கலியாண வீட்டுக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். கட்டிலையும் அலுமாரியையும் தளபாடத்துக்குப் பேர்போன அந்த மொரட்டுவையிலிருந்து லொறியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டு, கால் ஆடுகிறது, பூட்டு இறுகுகிறது என்று திருத்த மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். சரி, அதை விடுவோம்.

அந்த ரோசத்தில் கொழும்புக்குப் போய், நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதும் எச்.வி.எல்.பி. கன் வாங்கினேன். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. சாதாரண கன்னில் பாதிக்கு மேல் பெயின்ட் புகையாகப் போகும், இதில் நூற்றுக்கு 65 பங்காவது மரத்தில் பிடிக்கும், கன் முனையில் காற்று வெளிவரும் மூடியில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் குறைந்த அழுத்தத்தில் பெயின்ட்டைத் தூளாக்க அது நிமிடத்துக்கு 12 கன அடி காற்றுக் கேட்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் 2 குதிரைவலுக் கொம்பிரசர் மூச்சைப் பிடித்தாலும் 7 தாண்டாது. குருவி தலையில் பனங்காய்.

முதல் கதிரையின் முதுகு அருமையாக வந்தது. மூன்றாவது காலுக்குப் போகும்போது கொம்பிரசரில் அழுத்தம் காட்டும் முள் இறங்கிவிட்டது, லக்கர் சொட்டுச் சொட்டாக விழுந்து தோடம்பழத் தோல் மாதிரி நின்றது. கொம்பிரசர் நிற்காமல் ஓடிச் சூடேறி, குழாய் வழியே தண்ணீரும் வந்தது. மார்கழி மழை வேறு. தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும், ஈரக்காற்று அதிலே படிந்து வெள்ளை பூக்கும். இருபத்துமூன்று கதிரையை மறுபடி மட்டத்தாள் போட்டுத் தேய்த்தோம். நாள் பிந்தியதென்று ஹோட்டல் கணக்கர் காசும் வெட்டினார்.

கல்முனையில் வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு நானாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கன்னைத் தொடவேயில்லை, முள்ளைப் பார்த்தார். "தம்பி, கன்ல ஒரு பிழையும் இல்ல. அது குடிக்கிற காத்த ஒங்கட மெஷின் குடுக்கல்ல" என்றார். ஒரு குதிரைவலுவுக்கு மூன்று, நான்கு கன அடி என்று கணக்குப் போடச் சொன்னவரும் அவர்தான். தகட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் அளவு, குழாயில் வெளியே வருவது அதைவிடக் குறைவு.

மீதிக் கதிரைகளை அவர் இரவல் தந்த, குறைந்த காற்றில் ஓடும் 1.3 மில்லிமீற்றர் நொசில் கன்னில் முடித்தேன். இன்றைக்கும் அந்த வகைதான் பாவிக்கிறேன். தண்ணீர் பிடிக்கும் வடிகட்டியைக் கொம்பிரசர் வாயிலேயே மாட்டாமல் இருபத்தைந்து அடி இரும்புக் குழாய்க்கு அப்பால் மாட்டினேன், காற்று ஆறிய பிறகுதானே தண்ணீர் பிரியும். மழை நாளில், காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டர் கொஞ்சம் கலப்பேன், கொட்டும் மழையென்றால் அடிப்பதேயில்லை.

பொறியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், எச்.வி.எல்.பி. கூடாது என்று நான் சொல்லவில்லை. 5 குதிரைவலுவும் அதற்கேற்ற த்ரீ பேஸ் கரண்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். அரிசி ஆலைத் தகரம், பெரிய சுவர் என்றால், காற்றில்லாமல் பெயின்ட்டையே அழுத்தித் தள்ளும் ஏர்லெஸ், ஆனால் அது 2,000, 3,000 பிஎஸ்ஐயில் அடிக்கும் சாமான், விரலில் ஊசி குத்தின மாதிரித் தெரிந்தாலும் பெயின்ட் தோலுக்குள் ஏறியிருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரே மாதிரி இரும்புச் சாமான் நூற்றுக்கணக்கில் என்றால், தூளைப் படியவைத்துச் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங்தான், அதற்கு 200 பாகை வரை சூடாகும் அடுப்பு வேண்டும். வாழைச்சேனைப் பக்கம் பைபர் வள்ளத்துக்கு ஜெல்கோட் என்ற தடித்த மேல்பூச்சு அடிப்பவர்களுக்கு என் நொசில் அடைத்துக்கொள்ளும். எதை அடித்தாலும் துணி மாஸ்க் போதாது, கரி வடிகட்டி வைத்தது வேண்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட் என்றால் அதுவும் மட்டுமட்டு, வெளிக்காற்று வரும் மாஸ்க்தான் சரி.

கொழும்பில் வாங்கிய கன் இன்னும் பெட்டியோடு ராக்கையில் கிடக்கிறது. பெரிய கொம்பிரசர் வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.