"பரிசீலிக்கிறோம்"னா வேண்டாம்னு அர்த்தமா? ஜப்பான் வேலை, ஜப்பான் பேச்சு: அக்கா பதில்கள்

(டோக்கியோல ஒன்பது வருஷம் வேலை பார்த்து, நிஷிகசாய்ல குடியிருந்து, இப்போ சென்னைக்குத் திரும்பியாச்சு. போன இதழ்ல ஜப்பானிய மொழி பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கல. இந்த வாரம் முழுக்க அதுதான்.)

கேள்வி: அக்கா, நான் ஜேஎல்பிடி ஜப்பானிய மொழித் தேர்வுல என்3 பாஸ் பண்ணவன் (என்5 அடிமட்டம், என்1 உச்சம்), சென்னைல பிரிட்ஜ் இன்ஜினியர், அதாவது ஜப்பான் கஸ்டமருக்கும் இங்க இருக்கற டீமுக்கும் நடுவுல பாலம். போன மாசம் மீட்டிங்ல நாங்க சொன்ன டிசைன் மாத்தத்துக்கு கஸ்டமர் "கென்த்தோ ஷிமாஸ்"னு சொன்னாங்க. பரிசீலிக்கிறோம்னுதானே அர்த்தம்? நானும் டீம்கிட்ட "பாசிட்டிவா இருக்காங்க"னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் வேலை ஓடுச்சு, அப்புறம்தான் தெரிஞ்சுது அவங்க அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டாங்கனு. டிக்‌ஷனரி பொய் சொல்லுதா?

பதில்: டிக்‌ஷனரி பொய் சொல்லல தம்பி, நீதான் ஊரை மறந்துட்டே. நம்ம ஊர்ல சொந்தக்காரர்கிட்ட அஞ்சு லட்சம் கைமாத்து கேட்டு, அவர் "பாக்கலாம்பா, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்"னு சொன்னா நீ மறுநாள் பேங்க்ல போய் நிப்பியா? மாட்டே. அந்த "பாக்கலாம்"ல இருக்கற இல்லைய உனக்கு யாரும் கிளாஸ் எடுத்து சொல்லித் தரல, ஆனா உனக்குத் தெரியும். அதே காதைத்தான் ஜப்பானியத்துக்கும் வளர்த்துக்கணும், என்ன, நமக்கு அது கைமாத்து, சம்பந்தம் பேசறதுல வரும், அவங்களுக்கு ஆபீஸ் மீட்டிங்லயே வரும்.

"முஸுகஷீ தெஸ்நே", அதாவது கஷ்டமா இருக்கேன்னு சொன்னா நம்மாளு உடனே "கஷ்டம்தான் சார், ஆனா பண்ணிடலாம்"னு கிளம்பிடுவான். அவங்க கதவை சாத்திட்டாங்கனு புரியாது. "ச்சோத்தோ..."னு இழுத்து பாதியில விட்டாலும் அதேதான், மீதி பாதிய நாமதான் நிரப்பிக்கணும். நாம பேசறப்போ நடுவுல நடுவுல "ஹை, ஹை"னு தலையாட்டறாங்களே, அது சரினு அர்த்தமில்ல, கேட்டுட்டு இருக்கேன்னு அர்த்தம், கதை கேக்கறவங்க "உம்" கொட்டற மாதிரி. ஜேஎல்பிடி பரீட்சைல பேச்சுத் தேர்வே கிடையாது பாரு, எல்லாம் குடுத்திருக்கற பதில்கள்ல ஒண்ணை தேர்ந்தெடுக்கறது, அதனால என்3 என்ன என்1 வாங்கினவங்களே இதுல சறுக்கறாங்க.

இனிமே இப்படி பண்ணு. "கென்த்தோ"னு காதுல விழுந்தா எப்போ பதில் கிடைக்கும்னு பணிவா கேளு. தேதி சொன்னாங்கன்னா நிஜமாவே யோசிக்கறாங்கனு ஓரளவு நம்பலாம், தேதி இல்லாம சிரிச்சாங்கன்னா டீம்கிட்ட பாசிட்டிவ்னு சொல்லாத. அதைவிட நல்லது, மீட்டிங்குக்கு முன்னாடியே அந்தப் பக்கம் ஒவ்வொருத்தர்கிட்டயா தனியா பேசி வெச்சுக்கறது. "நெமவாஷி"னு பேரு. தோட்டக்காரங்க வார்த்தை அது, மரத்தைப் பேத்து வேற இடத்துல நடறதுக்கு முன்னாடி சுத்தி தோண்டி வேரைப் பதப்படுத்தறது. அங்க மீட்டிங்ல முடிவு எடுக்கறது ரொம்பக் கம்மி, ஏற்கனவே எடுத்த முடிவுக்கு மாலை போடற இடம் அது.

கேள்வி: தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம்னு சொல்றாங்களே, அதனாலதான் நமக்கு சீக்கிரம் வருதா? (வாசகர், மதுரை)

பதில்: சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானியப் பேராசிரியர் அப்படித்தான் வாதாடினார், ஆனா மொழியியல்காரங்க பெரும்பாலும் ஏத்துக்கல. உறவு இருக்கோ இல்லையோ, வசதி நிஜம். வினை கடைசில வரும், "தாபெத்தே மிரு"ன்னா சாப்பிட்டுப் பாக்கறது, "மிரு"னா பாக்கறதுதான். "வாசுரெத்தே ஷிமாத்தா"ன்னா மறந்துட்டேன், அந்த "ட்டேன்"ல இருக்கற அடடா உட்பட அப்படியே இருக்கும். இங்கிலீஷ்காரன் ஒரு வருஷம் முட்டி மோதறத நாம ஒரு மாசத்துல பிடிச்சுடுவோம். வம்பே அதுலதான் ஆரம்பம். இலக்கணம் நம்ம வீடு மாதிரியே இருக்கவும் மீதி எல்லாமும் அப்படித்தான்னு செருப்போட உள்ள போயிடறோம்.

கேள்வி: டோக்கியோல வேலைக்கு சேர்ந்து மூணு மாசம் ஆகுது அக்கா. வெளி கம்பெனி போன் வந்துது, எங்க மேனேஜரைக் கேட்டாங்க. "யமடா-சான் வெளிய போயிருக்கார்"னு, பேருக்குப் பின்னாடி "சான்" போட்டு மரியாதையாதான் சொன்னேன். பக்கத்து சீட் சீனியர் முகம் மாறிடுச்சு. மரியாதை குடுத்தது தப்பா? (வாசகி)

பதில்: நான் பண்ணதையே பண்ணிருக்கே மா! நான் இன்னும் ஒரு படி மேல போய், டைரக்டர் பதவிப் பேரோட "சான்"ஐயும் சேர்த்து கஸ்டமர்கிட்ட பேசி, அந்த மனுஷன் பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு இருந்தார்.

நம்ம கணக்கு வேற. சார்னா யார்கிட்ட பேசினாலும் சார்தான், "சார் வெளிய போயிருக்கார்"னு சொல்லாம "போயிருக்கான்"னு சொன்னா வேலையே போயிடும். மரியாதை அந்த ஆள் கூடவே ஒட்டிட்டு வரும். ஜப்பான்ல அது எதிர்ல யார் இருக்காங்கங்கறதைப் பொறுத்து மாறும். உள்ளாட்கள் "உச்சி", வெளியாட்கள் "சொதோ". வெளியாள்கிட்ட பேசற நிமிஷத்துல உன் மேனேஜர் உன்னோட உச்சி ஆயிடறார், சொந்த வீட்டாளை உயர்த்திப் பேசறது அங்க தற்பெருமை. அதனால "யமடா"னு மொட்டையா சொல்லி, வினையையும் தாழ்த்தி "செகி ஓ ஹஸுஷித்தே ஒரிமாஸ்", அதாவது இருக்கைல இல்லன்னு சொல்லணும். போனை வெச்சுட்டுத் திரும்பினதும் மறுபடி யமடா-சான். அம்மாவுக்கே அப்படித்தான்: அடுத்தவங்க அம்மான்னா "ஒகாசான்", நம்ம அம்மாவ வெளியாள்கிட்ட சொல்லும்போது வெறும் "ஹஹா".

முதல்ல எனக்கு வாய் கூசுச்சு, நிஜமா. ஐம்பத்தஞ்சு வயசு மனுஷனை வெறும் பேர் சொல்றதா? பழக ஆறு மாசம் ஆச்சு. உன் சீனியர்கிட்ட போய் "தெரியாம சொல்லிட்டேன், இனிமே பாத்துக்கறேன்"னு ஒரு வார்த்தை சொல்லிடு, அவங்க மூஞ்சி சரியாயிடும்.

கேள்வி: நாகர்கோவில்ல நர்ஸா இருக்கேன். ஜப்பான் முதியோர் இல்ல வேலைக்குப் போகப் படிச்சுட்டு இருக்கேன். பரீட்சை தவிர என்ன கத்துக்கணும் அக்கா?

பதில்: 2019 ஏப்ரல்ல ஜப்பான் கொண்டுவந்த "குறிப்பிட்ட திறன்" விசாவுக்கு என்4 அளவு மொழியும், பராமரிப்புத் திறன் தேர்வும், பராமரிப்பு மொழித் தேர்வும் போதும்தான். ஆனா உள்ள போனா எண்பத்தெட்டு வயசு அம்மா தன் ஊர் வழக்குல முணுமுணுப்பாங்க, புக்ல இருக்கற ஒரு வார்த்தையும் வராது.

முதல் விஷயம், பாசத்துல "பாட்டி"னு கூப்பிடற நம்ம பழக்கத்தை விமானத்துலயே விட்டுட்டுப் போ. "ஒபாசான்"னு கூப்பிட்டா நமக்கு அன்பு, அங்க இல்லத்துல அதை மரியாதைக் குறைவா பாக்கறாங்க, அவங்களுக்குனு ஒரு பேர் இருக்கு இல்லையா. குடும்பப் பேரோட சான் சேர்த்துக் கூப்பிடு. ரெண்டாவது, தொடறதுக்கு முன்னாடி சொல்லணும். "இப்போ எழுப்பப் போறேன்", "வலது கையைத் தூக்கறேன்"னு ஒவ்வொண்ணுக்கும். "கோயே காகே"ம்பாங்க, அது பேச்சுப் பயிற்சி இல்ல, வேலையோட பாதியே அதுதான். "தைஜோபு"ங்கற வார்த்தைய மட்டும் நம்பாத, வேணுமானு கேட்டா "தைஜோபு"னா வேண்டாம், வலிக்குதானு கேட்டா "தைஜோபு"னா வலிக்கல, இல்லன்னா வலிக்குது ஆனா உன்னைத் தொந்தரவு பண்ண விரும்பல. முகத்தைப் பாரு.

அப்புறம் உனக்கு ஒரு லட்டு. அவங்க வலியை சத்தத்துல சொல்வாங்க, நம்மள மாதிரியே. "ஸுகிஸுகி"ன்னா விண்ணு விண்ணுனு தெறிக்குது, "ச்சிகுச்சிகு"ன்னா சுருக் சுருக்குனு குத்துது, "ஹிரிஹிரி"ன்னா தோல் காந்துது. இதையெல்லாம் இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணாம தமிழ்லயே ஜோடி போட்டு எழுதி வெச்சுக்கோ, ஷிஃப்ட் மாத்தும்போது சொல்ற "மோஷி ஒகுரி"ல தடுமாற மாட்டே.

கேள்வி: சைவம், குடிக்கவும் மாட்டேன். ஆபீஸ் பார்ட்டிக்குப் போகாம இருக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: போ. ஊலாங் டீ கிளாஸைத் தூக்கி "கன்பாய்" சொன்னா போதும். ஆனா "நான் சைவம்"னு மட்டும் சொன்னா கறியை எடுத்துட்டு மீன் சாறு ஊத்தின சூப் வரும், அதை அவங்க அசைவத்துலயே சேர்க்க மாட்டாங்க. "தாஷி"ங்கற அந்தச் சாறும் வேண்டாம்னு ஏற்பாடு பண்றவர்கிட்ட ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடு. மறுநாள் காலைல "நேத்து நன்றி"னு சொல்ல மறக்காத, பார்ட்டிய விட அது முக்கியம்.

கேள்வி: எப்பவும் நாமதான் அவங்களைப் புரிஞ்சுக்கணுமா? அவங்க நம்மள புரிஞ்சுக்க மாட்டாங்களா? (வாசகி, ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: நியாயமான கோபம். நாமளும் சொல்லித் தரணும், நம்ம தலையாட்டலைப் பாத்து ஆமாவா இல்லையானு அவங்க படற பாடு கொஞ்சமில்ல. ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய மேனேஜர் எனக்குப் பழக்கம், ஆர்வமா தமிழ் கத்துக்கறவர். காலைல லைன்ல எல்லாரும் "சாப்டீங்களா சார்?"னு கேக்கவும், இவங்க நம்ம உணவைக் கண்காணிக்கறாங்களோனு பயந்துட்டாராம், நாலு மாசம் ஒவ்வொருத்தருக்கும் நின்னு "ரெண்டு டோஸ்ட், ஒரு முட்டை"னு கணக்கு குடுத்திருக்கார். சும்மா கேக்கறதுதான், "ஆச்சு, நீங்க?"னா போதும்னு நான்தான் சொன்னேன். இப்போ அவரே முந்திக்கறார், என்ன, சாயந்தரம் ஆறு மணிக்கும் கேக்கறார்.