பலகையைக் காட்டினால் பிள்ளையின் கைக்குப் பொறுப்பு இல்லாமல் போகுமா?

கேள்வி: பரந்தனிலிருந்து எழுதுகிறேன். சிறுபோகம் அறுத்த கையோடு, ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் தங்கினோம். பெரிய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் விளையாட்டுக்கூடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு நாள் அங்கே போனோம். ஓர் அட்டை தந்து அதில் 10,000 ரூபா ஏற்றினார்கள். வழுக்காத சொக்ஸ் கட்டாயம் என்று அதையும் வாங்க வைத்தார்கள். வாசலில் ஒரு ஆங்கிலத் தாளை நீட்டினார்கள். பின்னால் நீண்ட வரிசை, இவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். துள்ளு மெத்தைப் பகுதிக்குள் பெரியவர்கள் வரக்கூடாது என்று சொன்னதால் நான் வலைக்கு வெளியே நின்றேன். ஆறு வயது மகனின் கால், மெத்தையின் கிழிந்த விளிம்பில் மாட்டியது. விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பார்த்துக்கொள்ள விட்டிருந்த பெடியன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐஸ் வைத்தார்கள். ஓட்டோவுக்கு என்று 5,000 ரூபா தந்து, இன்னொரு ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பதிவு" என்றுதான் சொன்னார்கள். அட்டையில் மிச்சம் 3,850 ரூபா. திருப்பித் தர மாட்டார்களாம், மூன்று மாதத்துக்குள் வந்து விளையாடலாமாம். வீட்டுக்கு வந்து போன் எடுத்தால், "நிர்வாகம் பொறுப்பல்ல என்று பலகை இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது" என்கிறார்கள். இவரோ, "நீ பார்த்திருக்க வேணும். கொழும்பில போய் தமிழில ஆர் கேக்கப்போறான், விடு" என்கிறார். விடத்தான் வேண்டுமா? பொலிஸில் போடலாமா?

பதில்: விட வேண்டாம், தங்கச்சி. உங்கள் கடிதம் அக்டோபரில் வந்தது நல்லதாய்ப் போயிற்று. இன்னும் ஒரு மாதம் பிந்தியிருந்தால் ஒரு கதவு சாத்தியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் இரண்டாவதைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மெத்தையும் மஞ்சள் மெத்தையும் சேரும் இடத்தில் தையல் விட்டு, ஒரு சாண் நீளத்துக்கு விளிம்பு எழும்பி நிற்கிறது. அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டியிருக்கிறார்கள். ரேப்பின் ஒரு நுனி உரிந்து சுருண்டு, பசையில் தூசியும் சொக்ஸ் நூலும் அப்பியிருக்கின்றன. நீங்கள் கிழிசலைக் காட்டத்தான் அந்தப் படத்தை எடுத்திருப்பீர்கள். சட்டத்தரணியின் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த ரேப். கிழிசல் மட்டும் இருந்தால், "அன்றைக்குத்தான் கிழிந்தது, எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்லலாம். ரேப் ஒட்டியவருக்குக் கிழிசல் தெரியும். தெரிந்தபிறகும் அந்தப் பகுதியை மூடாமல் காசு வாங்கிப் பிள்ளைகளை உள்ளே விட்டிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தின் முதல் சாட்சி அதுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், துள்ளுகிற இடத்தில் பிள்ளை விழுந்தது என்பதற்காக மட்டும் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்காது. துள்ளினால் விழத்தான் செய்வார்கள். எங்கள் நாட்டில் இந்த விடயத்தை ஆள்வது, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வருகிற உரோம-டச்சுச் சட்டம். அதன்படி அந்த இடத்தை நடத்துபவர் எடுத்திருக்க வேண்டிய நியாயமான கவனத்தை எடுக்கவில்லை, அதனால்தான் காயம் வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். கிழிந்த விளிம்பு, பழைய ரேப், போனில் நின்ற பணியாளர் என்று மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. பணியாளர் வேலை நேரத்தில் விட்ட பிழைக்கு அவரை வேலைக்கு வைத்தவரே பொறுப்பு.

சரி, பலகைக்கு வருவோம். இலங்கையில் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தங்களில் உள்ள நியாயமற்ற நிபந்தனைகளைப் பற்றியது. கவனக்குறைவால் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், ஒப்பந்த நிபந்தனையைக் காட்டியோ பொதுவாக மாட்டிய அறிவித்தலைக் காட்டியோ அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பலகை பெரிதா சிறிதா, எந்த மொழியில் இருந்தது, நீங்கள் வாசித்தீர்களா என்பதெல்லாம் உடற்காயத்தைப் பொறுத்தவரை இரண்டாம் பட்சம். வாசலில் வாங்கிய முதல் கையெழுத்துக்கும் இதுவே பதில். போன், செருப்பு தொலைந்தால் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தால் கதை வேறு. அங்கே அந்த நிபந்தனை நியாயமானதா என்று பார்ப்பார்கள். பிள்ளையின் எலும்பு அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது தாள்தான் எனக்குக் கவலை. 5,000 ரூபாவைப் பெற்றுக்கொண்டு இனி ஒரு கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருக்கக்கூடும். அதன் பிரதியை முதலில் கேட்டு எடுங்கள். அப்படி எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒன்று, ஆஸ்பத்திரிப் பதிவு என்று சொல்லி வேறொன்றில் கையெழுத்து வாங்கினால், அந்தக் கையெழுத்தைச் சவாலுக்கு உட்படுத்தலாம். மற்றது, காயம் பட்டது உங்கள் கணவருக்கு அல்ல, பிள்ளைக்கு. வலிக்கும் வேதனைக்கும் நட்டஈடு கேட்கும் உரிமை பிள்ளையுடையது. வழக்கு நடக்கும்போது பிள்ளை சார்பில் சமரசம் செய்வதற்கே நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை சொல்கிறது. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தகப்பனிடம், எக்ஸ்ரேகூட எடுக்காத நேரத்தில் வாங்கிய தாளை வைத்துப் பிள்ளையின் உரிமை முடிந்துவிட்டது என்று சொல்வதை நீதிமன்றம் இலகுவில் ஏற்காது.

"நீ பார்த்திருக்க வேணும்" என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வரியை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். சட்டத்தின் பக்கம் இப்படி: ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைமீது கவனக்குறைவு என்ற பிழையை உரோம-டச்சுச் சட்டம் சுமத்துவதில்லை. ஆகவே "பையன் கவனமில்லாமல் ஓடினான்" என்று சொல்லி நட்டஈட்டைக் குறைக்க முடியாது. பெற்றோர்மீது ஒரு பங்கைப் போட அவர்கள் பார்க்கலாம். பொறுப்பைப் பங்கிடுவதற்கு 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெரியவர்கள் உள்ளே வரக்கூடாது என்று விதி வைத்தவர்கள் அவர்கள். தாயை வலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே ஏன் பார்க்கவில்லை என்று கேட்க முடியுமா? அந்த விதி எழுதிய பலகையின் படம் உங்களிடமோ மச்சாளிடமோ இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். இந்தப் பந்தியை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தமிழில் யார் கேட்பான் என்கிறார் அவர். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது வன்னியில் இருக்கிற எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் அவர்களோடு தமிழில் அலுவல் பார்க்கவும் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அது கொழும்பு அலுவலகத்துக்கும் பொருந்தும். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள்.

அந்தக் கதவு இதுதான்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். ஆகஸ்ட் நடுப்பகுதியில் நடந்ததற்கு நவம்பர் நடுப்பகுதியோடு அந்தக் காலம் முடிகிறது. இந்த வாரமே எழுதுங்கள். போனில் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் போனில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது. அதே சட்டத்தின் 32 ஆம் பிரிவு, காசு வாங்கித் தரும் எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் தரப்படும் என்ற உத்தரவாதம் சொல்லாமலே இருக்கிறது என்கிறது. கிழிந்த மெத்தையை அங்கே சொல்லுங்கள். அட்டை மிச்சத்தையும் அதே முறைப்பாட்டில் சேருங்கள். காசு ஏற்றும்போது மிச்சம் திரும்பாது என்று உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் அதை அழுத்தி எழுதுங்கள். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதை 30 ஆம் பிரிவு தடுக்கிறது. பரந்தன் குடும்பத்திடம் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்து விளையாடு என்பது காசை விட்டுவிட்டுப் போ என்பதற்குச் சமம். இருந்தாலும் 3,850 ரூபா நிச்சயமாகத் திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிள்ளையின் கைக்கான வழக்கின் காலம் இரண்டு ஆண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு அது. வயது குறைந்தவருக்குச் சலுகை உண்டு, ஆறுதலாய்ப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. சொக்ஸ் வாங்கிய பில்லும் அட்டை ஏற்றிய பில்லும் சூட்டில் அச்சாகிற மெல்லிய தாள். கிளிநொச்சி வெயிலில் ஆறு மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இரண்டு போட்டோப் பிரதி எடுங்கள். கடையின் பெயர்ப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பில்லில் கம்பனியின் பெயர் வேறாக இருக்கும். கடிதமும் வழக்கும் கம்பனியின் பெயருக்குத்தான் போக வேண்டும். படம் எடுத்த போனை விற்கவோ உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக்கவோ வேண்டாம். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுச் சட்டத்தின் கீழ் படமும் வீடியோவும் சாட்சியாகும். வழக்கு விசாரணைக்கு 45 நாளுக்கு முன் மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும், மூலத்தைப் பார்க்கவும் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் தந்த அட்டை, எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, வான் கூலிப் பற்றுச்சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

அவர்களின் கமரா பதிவில் பழசின் மேல் புதுசு பதிந்து, பழசு அழிந்துகொண்டே போகும். அழிந்திருக்கவும் கூடும். என்றாலும் கேட்டு எழுதுங்கள், கேட்டபிறகு இல்லையென்றால் அது ஏன் என்று அவர்கள் விளக்க வேண்டிவரும். பதிவுத் தபாலில், தமிழிலும் பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடும், இந்த அளவுக்கு எழுதினால் போதும்: "இன்ன திகதி இன்ன நேரம் உங்கள் துள்ளு மெத்தைப் பகுதியில், தையல் விட்டு ரேப் ஒட்டப்பட்டிருந்த விளிம்பில் கால் மாட்டி எங்கள் மகனின் வலது மணிக்கட்டு முறிந்தது. படம் எங்களிடம் இருக்கிறது. அன்றைய கமரா பதிவையும் மெத்தையின் பராமரிப்புப் பதிவையும் அழிக்காமல் வைக்கவும். என் கணவர் கையெழுத்திட்ட இரண்டு தாள்களின் பிரதிகளை 14 நாளுக்குள் அனுப்பவும். நட்டஈடு கோரும் எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." தொகை எதுவும் இப்போது எழுத வேண்டாம்.

ஏன் தொகை வேண்டாம் என்றால், கை எப்படி ஆறும் என்று இன்னும் தெரியாது. பிள்ளைகளின் மணிக்கட்டருகே எலும்பு வளரும் தட்டு இருக்கிறது. முறிவு அதைத் தொட்டிருந்தால், பிளாஸ்ரர் கழற்றிய பிறகும் வளர வளரக் கை கோணலாகலாம். கிளினிக்கில் எலும்பு வைத்தியரிடம் இதைக் கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வழக்குப் போடுவதா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

நேர்மையாகச் சொல்வதென்றால், கை முழுதாய் ஆறிவிட்டது என்று வைத்தியர் எழுதினால் நான் உங்களை வழக்குக்கு அனுப்ப மாட்டேன். சம்பவம் நடந்ததும் கம்பனி இருப்பதும் கொழும்பில், வழக்கும் அங்கேதான். ஒவ்வொரு தவணைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல் போய்வர வேண்டும். தொகை சிறிதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழும் எடுக்க வேண்டும். அப்படியான நிலையில் கடிதமும் அதிகார சபை முறைப்பாடுமே வான் கூலி, வைத்தியச் செலவு, பிள்ளைக்கு ஒரு கௌரவமான தொகை என்று பேசி முடிக்கப் போதுமானவை. வளரும் தட்டு பாதிக்கப்பட்டது என்றால் பின்வாங்கக் கூடாது. பிள்ளை சார்பில் நீங்கள் வழக்காடலாம். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளிநொச்சி நிலையத்தில் கட்டணம் இல்லாமல் பார்ப்பார்கள்.

பொலிஸில் போடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எலும்பு முறிவு சட்டத்தில் கடுங்காயம், கவனக்குறைவால் அதை ஏற்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 329 ஆம் பிரிவில் வருகிறது. சம்பவத்தைப் பதிந்து வைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் போன் பெடியனை மறியலுக்கு அனுப்புவதை நோக்கமாக்க வேண்டாம். கிழிசலுக்கு ரேப் ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னவர் அவனாக இருக்க மாட்டார்.

மகனின் அடுத்த கிளினிக் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. எலும்பு வைத்தியர் எழுதித் தருவதன் பிரதியையும் பதிவுத் தபால் துண்டையும் எனக்கு அனுப்புங்கள். கம்பனியிடமிருந்து பதில் வந்தால் கையெழுத்து எதுவும் போடாமல் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.